டிஷ் பெட்டி அடிக்கடி அணைகிறதா? முதலில் லைட்டைப் பாருங்கள்

"பாக்ஸ் போயிட்டு, புதுசுதான் மாத்தணும்." அம்பாசமுத்திரம் தொட்டு வள்ளியூர் வரைக்கும் எங்கள் பக்கத்தில் டிஷ் பெட்டி அடிக்கடி அணைகிறது என்று யார் சொன்னாலும் அநேகமாக இந்தப் பதில்தான் கிடைக்கிறது. சொந்தக்காரர் வீடு, அக்கம்பக்கத்து வீடு என்று நான் இந்தப் பெட்டிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பெட்டியே செத்துப்போனது அதில் கொஞ்சம்தான். அடாப்டர், மாடியிலிருந்து இறங்கும் ஒயர், ஆடிப்போன பிளக் பாயிண்ட், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, வீட்டில் ஒற்றையாக இருக்கிற ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் அந்த டிவிதான் பேச்சுத்துணை. அவர்கள் கையிலிருந்து வேண்டாத ஒரு பெட்டிக்குக் காசு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இது மாசச் சந்தா கட்டும் டி.டி.எச். பெட்டிக்கும் பொருந்தும், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பெட்டிக்கும் பொருந்தும். கேபிள் பெட்டி வைத்திருப்பவர்கள் டிஷ் சம்பந்தப்பட்டதை மட்டும் தள்ளிவிட்டு மீதியைப் படிக்கலாம்.

கை வைப்பதற்கு முன்னால் இரண்டு சங்கதி. டிஷ் ஒயரைக் கழற்றுவதானாலும் மாட்டுவதானாலும் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்த ஒயரில் பெட்டியே மேலே கரண்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். மாட்டும்போது நடுக்கம்பி ஓரத்தில் உரசினால் நல்ல பெட்டியும் கெட்டுவிடலாம். இரண்டாவது, அடாப்டர் இல்லாமல் 230 வோல்ட் ஒயர் நேராக உள்ளே போகிற பெட்டிகள் உண்டு. ஃப்ரீ டிஷ் பெட்டிகளில் இந்த மாதிரி நிறைய. அதன் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

எப்படி அணைகிறது?

"அணையுது" என்ற ஒரே சொல்லில் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் மூன்று சீக்கு இருக்கிறது. ஒரு தடவை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, படம் போகிற நொடியில் டிவியைப் பார்க்காமல் பெட்டியின் லைட்டைப் பாருங்கள்.

லைட் மொத்தமாகச் செத்துவிட்டால் பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது வருவது போதவில்லை. சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, யாரோ அதைத் தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். அணைந்து, தானாக எழுந்து, கம்பெனி முத்திரை வந்து, மறுபடி அணைந்து சுற்றிக்கொண்டே இருந்தால் கரண்ட் தள்ளாடுகிறது, இல்லையென்றால் மென்பொருள் சிக்கியிருக்கிறது. லைட் பச்சையாக எரிய, திரையில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்தால் அது டிஷ் திரும்பியதோ மழை மறைத்ததோ, வேறு கதை.

லைட் மொத்தமாகச் செத்தால்

பிளக்கிலிருந்து தொடங்குங்கள். அடாப்டரின் பின் இரண்டும் மெலிசு. பத்து வருடப் பழைய சாக்கெட்டில் அது பிடிப்பில்லாமல் தொங்கும். ஃபேன் காற்றில் ஒயர் ஆடினாலே தொடர்பு விட்டுவிடும். விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். 'கிர்' என்று சத்தம் வந்தாலோ, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ வியாதி அங்கேதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு அறையில் வேறு பாயிண்டில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அங்கே அணையாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றினால் போதும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிவி, பெட்டி, மோடம், செல் சார்ஜர் எல்லாம் தொங்குகிற வீடுகளில் அந்த எக்ஸ்டென்ஷனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து அடாப்டர் ஒயரின் கழுத்து. பெட்டிக்குள் போகும் பின்னுக்கு இரண்டு விரல் தள்ளி ஒயர் மடிகிற இடம் இருக்கும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோடு நசுங்கி, நாளடைவில் உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெட்டி ஓடும்போது அந்த இடத்தை மட்டும் மெல்ல வளையுங்கள். லைட் கண் சிமிட்டினால் விடை கிடைத்துவிட்டது. ஒயர் அசையாமல் பின்னை மட்டும் அசைத்தால் சிமிட்டுகிறதா? அப்படியானால் பெட்டிக்குள் அந்த ஜாக்கின் பற்றவைப்பு விட்டிருக்கும். மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் ஈயம் வைத்துத் தருவார்.

இனி அடாப்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டரை வைத்து அளந்தால் சரியாக 12 வோல்ட் காட்டும். "அடாப்டர் நல்லாத்தான் இருக்கு, பாக்ஸ்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சுமை இல்லாமல் அளந்தால் சாகப்போகிற அடாப்டரும் 12 காட்டும். பெட்டி இழுக்கத் தொடங்கினால்தான் அது 9க்கும் 8க்கும் விழும். ஆகவே மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. வீட்டில் வைஃபை மோடம் இருந்தால் அதன் அடாப்டரை எடுத்து எழுத்தைப் படியுங்கள். பெட்டியின் அடாப்டரில் 'அவுட்புட் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்' என்று இருந்தால் இதிலும் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் 1.5 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக் கூடாது. வட்டத்துக்குள் புள்ளி வரைந்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துப்போனால் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள்.

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினின் அடாப்டரைத் தவறியும் மாட்டாதீர்கள். பின் அச்சாக அதே மாதிரி இருக்கும், உள்ளே சொருகும், ஆனால் அது 24 வோல்ட். சேரன்மகாதேவியில் ஒரு வீட்டில் அடாப்டர் கெட்டதுக்கு அதை எடுத்து மாட்டி, நன்றாக இருந்த பெட்டியை ஒரு நொடியில் கருக்கிவிட்டார்கள். பின் நுழைகிறது என்பதற்காக எந்த அடாப்டரையும் நம்பக் கூடாது.

குறிப்பிட்ட சேனலுக்குப் போனால் மட்டும் அணைந்தால்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பெரியம்மை வீட்டில்தான் இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"ஏழு மணி ஆச்சுன்னா டக்குன்னு அணைஞ்சிருதுய்யா. நாடகம் தொடங்குற நேரம் பார்த்துத்தான் அதுக்கு உசுரு போகுது" என்றார்கள். வந்து பார்த்த ஒருவர், சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போடுவதால் லோ வோல்டேஜ், ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நான் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குறையும் இல்லை.

"பெரியம்மை, நாடகம் வர்ற சேனலை இப்பமே போடுங்க."

"இப்பம் அதுல ஒண்ணும் கிடையாதே."

"இல்லாட்டாலும் போடுங்க."

போட்டார்கள். லைட் செத்தது. இரண்டு நொடியில் சிவப்பு, பிறகு முத்திரை, பிறகு அதே சேனல், மறுபடி சாவு. கடைசியாகப் பார்த்த சேனலுக்கே பெட்டி திரும்பிப் போவதால் அந்தச் சுழலிலிருந்து அது வெளியே வரவே இல்லை. நான் ரிமோட்டை வாங்கி, அது எழுகிற அந்தச் சின்ன இடைவெளியில் செய்தி சேனலின் எண்ணை அடித்தேன். அணைவது நின்றுவிட்டது. அன்று ஏழு மணிக்கும் செய்தியே ஓட விட்டோம். அணையவில்லை. ஆக நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நடப்பது இதுதான். டிஷ்ஷின் கையில் இருக்கிற, சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பாகம்தான் எல்.என்.பி. அதற்குப் பெட்டிதான் ஒயர் வழியாகக் கரண்ட் கொடுக்கிறது. சேனல்கள் சில செங்குத்து அலையிலும் சில கிடைமட்ட அலையிலும் வரும். செங்குத்துக்கு 13 வோல்ட், கிடைமட்டத்துக்கு 18 வோல்ட் அனுப்பி, எது வேண்டும் என்று பெட்டி எல்.என்.பி.க்குச் சொல்கிறது. அடாப்டர் தருவதோ 12 தான். அதை 18க்குத் தூக்க, பெட்டி அடாப்டரிடமிருந்து கூடுதலாக இழுக்கும். நல்ல அடாப்டர் தாங்கும். தளர்ந்தது அந்த நொடியில் படுத்துவிடும், பெட்டியும் கூடவே படுத்துவிடும். பெரியம்மையின் நாடகம் கிடைமட்ட அலையில் வருகிற சேனலில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் பையில் இருந்த வேறு அடாப்டரை மாட்டினேன். நாடகம் ஓடியது. பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு கெப்பாசிட்டர். தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, காலடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்து ஒட்டியிருந்தது. இந்தச் சாமானுக்கு எதிரி சூடுதான். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களின் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, டிவிக்குப் பின்னால் துணி மூடிக் கிடக்கிற அடாப்டர் எத்தனை வருடம் தாங்கும்? அதன்மேல் எதையும் போடாதீர்கள். பெட்டியின் மேல் பூத்துணி விரித்து, அதன்மேல் பொம்மை வைப்பதும் வேண்டாம். மேலே உள்ள ஓட்டைகள் சூடு வெளியேறத்தான் இருக்கின்றன.

அடாப்டர் மாற்றியும் அதே சேனலில் அணைந்தால், அடுத்ததாக மாடிக்குப் போக வேண்டும்.

மழையிலும் பனியிலும் அணைந்தால்

மாடிக்கு ஏறும் முன்னால் கீழேயே ஒரு சோதனை. சுவிட்சை அணைத்து, பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். திரையில் சிக்னல் இல்லை என்றுதான் வரும், வரட்டும். அப்படியே அரை மணி நேரம் விடுங்கள். ஒயர் இல்லாமல் பெட்டி அணையாமல் ஓடினால் பெட்டி பெரும்பாலும் தப்பித்தது. அடாப்டரை முன்பே மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றால் குற்றம் ஒயரிலோ எல்.என்.பி.யிலோ இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. யாராவது "பாக்ஸ் போயிட்டு" என்று சொன்னால், அவர்கள் முன்னாலேயே இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஒயரின் நடுக்கம்பியும் சுற்றியிருக்கும் வலையும் எங்கேயாவது தொட்டுக்கொண்டால் பெட்டி அனுப்பும் கரண்ட் அங்கேயே ஷார்ட் ஆகும். சில பெட்டிகள் எல்.என்.பி. ஷார்ட் என்று திரையில் எழுதிக்காட்டும். சில பெட்டிகள் ஒன்றும் சொல்லாமல் படுத்து எழும். மழை நாளில் மட்டும் அணைவதற்குக் காரணம், கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர் அந்த இரண்டையும் சேர்த்துவைப்பதுதான்.

நம் ஊரில் டிஷ் ரொம்பவும் மல்லாந்து இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஃப்ரீ டிஷ் சேனல்கள் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வெறும் 8.7 டிகிரி வடக்கில். அதனால் நமக்கு அது கிழக்கும் தெற்கும் சேர்ந்த திசையில், வானத்தில் சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லியில் அதே செயற்கைக்கோள் 52 டிகிரியில்தான். இங்கே டிஷ் வானத்தைப் பார்த்தே கிடப்பதால் மழையும் வெயிலும் அதன்மேல் தாராளமாக விழும். வெயிலில் எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி வெடிக்கும், கனெக்டர் மேல் இருக்கும் ரப்பர் உறை நொறுங்கும். பிறகு ஐப்பசி மழை அதற்குள் இறங்கும்.

மழை இல்லாத பகலில் ஏறி, எல்.என்.பி. பக்கத்துக் கனெக்டரைத் திருகிக் கழற்றுங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இன்னும் கிட்டத்தில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளை நுரைக்கு மேலே முடி மாதிரி ஒற்றை வெள்ளி இழை நடுக்கம்பியை நோக்கி வளைந்து நிற்கும். கனெக்டர் போடும்போது மடக்கிவிடாமல் விட்ட வலையின் இழை அது. காற்றில் ஒயர் ஆடும்போது தொடும், விலகும். பெட்டியும் அணையும், வரும். இந்த ஒரு இழையால் பெட்டி மாற்றிய வீடு எனக்குத் தெரியும். ஒயரை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். ரப்பர் உறையோ இன்சுலேஷன் டேப்போ சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் ஒயரை 'ப' எழுத்தின் அடிபோலத் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவர் வழியே பெட்டி வரைக்கும் ஓடிவராது.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கம் இருப்பவர்கள் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உப்புக்காற்று ஒன்றே போதும். வருடத்துக்கு ஒரு முறை கனெக்டரை மாற்றிவிடுவதே மேல்.

ஒரு டிஷ்ஷிலிருந்து இரண்டு டிவிக்கு ஸ்பிளிட்டர் போட்டுப் பிரித்திருந்தால், ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு ஒரே பெட்டியை நேராக மாட்டிப் பாருங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே ஒயரில் கரண்ட் அனுப்பி ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. வாங்கி, தனித்தனி ஒயர் இழுப்பதே முறை.

சிவப்பு லைட் மட்டும் எரிந்தால்

பயப்பட ஒன்றுமில்லை. மூன்று நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாகத் தூங்கும்படி சில பெட்டிகளில் செட்டிங் இருக்கிறது. நாள் முழுவதும் ஒரே சேனலை ஓட விடுகிற வீட்டில் அது பெரிய குறையாகத் தெரியும். மெனுவில் 'ஆட்டோ ஸ்டாண்ட்பை' அல்லது மின்சேமிப்பு என்று தேடி அணைத்துவிடுங்கள். டிவியை அணைத்தால் பெட்டியும் சேர்ந்து அணைவது எச்.டி.எம்.ஐ. ஒயரின் ஏற்பாடு. டிவியின் செட்டிங்கில் சி.இ.சி. என்பதை நிறுத்தினால் தீரும்.

நேரங்காலம் இல்லாமல் தூங்கி எழுந்தால் ரிமோட்டின் பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். குறை நின்றால், ரிமோட்டில் பவர் பட்டன் அமுங்கி ஒட்டியிருக்கிறது. நிற்காவிட்டால் பெட்டியின் முகப்பில் உள்ள பட்டனில் ஈரமோ அழுக்கோ புகுந்திருக்கும்.

கரண்ட் வந்து போகும்போதெல்லாம் அணைந்தால்

இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பெட்டி புதிதாகத் தொடங்குகிறது என்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். யூ.பி.எஸ். என்றும் நார்மல் அல்லது எக்கோ என்றும் சின்ன சுவிட்ச் பல மாடல்களில் இருக்கும். அதை யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாறும் இடைவெளி குறையும், பெட்டி தாக்குப்பிடிக்கும்.

வெறும் லோ வோல்டேஜால் பெட்டி அணைவது அபூர்வம். அடாப்டரில் 'இன்புட் 100-240' என்று அச்சிட்டிருந்தால், 160 வோல்ட் வந்தாலும் அது வேலை செய்யும். ஸ்டெபிலைசருக்குச் செலவழிக்க வேண்டாம். பம்ப்செட் ஓடத் தொடங்கும் நொடியில் விழும் வெட்டு வேறு. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் கம்பத்தில் ஒயர் உரசி நொடிக்கு நொடி விட்டுவிட்டு வருவதும் வேறு. அந்த மாதிரி சமயம் வீட்டில் குண்டு பல்பு ஒன்று போட்டுப் பாருங்கள். அதுவும் சிமிட்டினால் குறை லைனில். பல்பு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் விட்டிருக்கலாம், 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி எல்லாவற்றையும் எரித்துவிடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்நேரமும் புகார் சொல்லலாம்.

இடி இடித்தால் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றுங்கள், இடி நெருங்கும் முன்பே. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் ஒயரை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மின்னல் மாடி வழியாகவும் வரும்.

சூடானால், குளிர்ந்தால்

பத்து நிமிடம் ஓடி அணைந்து, ஆறினபின் வந்தால் காற்றோட்டம் கொடுத்துப் பாருங்கள். தீராவிட்டால் உள்ளே பற்றவைப்பு விட்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, காலையில் நாலைந்து முறை போட்டால்தான் வரும், சூடானபின் நாள் முழுக்க ஓடும் என்றால் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. அடாப்டர் உள்ள பெட்டியானால் முதலில் அடாப்டர். நேரடி ஒயர் பெட்டியானால் உள்ளே இருக்கும் பவர் போர்டு. அந்தப் போர்டு தனியாகக் கடைகளில் கிடைக்கிறது, மெக்கானிக்கிடம் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முத்திரையிலேயே நின்று சுற்றுகிற பெட்டிக்கு, அடாப்டரையும் ஒயரையும் மேலே சொன்னபடி பார்த்த பிறகும் மாறாவிட்டால் மென்பொருள் சிதைந்திருக்கும். அப்டேட் ஆகிறது என்று திரையில் எழுதும்போது சுவிட்சை அணைத்தால் இப்படி ஆகும். இதைக் கம்பெனி ஆள்தான் பார்க்க வேண்டும்.

எறும்பையும் மறக்கக் கூடாது. பெட்டியின் சூட்டுக்குச் சிற்றெறும்பு முட்டையோடு குடிவரும், பல்லி உள்ளே நுழைந்து போர்டின் மேலேயே செத்துக்கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நனைந்த பெட்டிகள் வேறு வகை. வெயிலில் காயவைத்ததும் வேலை செய்தன. மாதங்கள் கழித்து, போர்டில் பச்சை பூத்து ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. தண்ணீர் புகுந்த பெட்டி மட்டும்தான் நான் தயங்காமல் மாற்றச் சொல்வது.

இன்று சாயங்காலமே செய்யக்கூடிய வேலை ஒன்று. வீட்டில் உள்ள அடாப்டர்களை எல்லாம் எடுத்து, வெள்ளை டேப் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'டிவி பெட்டி 12', 'மோடம் 12', 'தண்ணி மெஷின் 24'. கண்ணாடி போடாமலே ஆச்சிக்குப் படிக்க வர வேண்டும், அந்த அளவுக்குப் பெரிதாக.